பியார்க்கோய்: சபை கலைந்த தீவூர் (வாசகர் கேள்வி – பதில்)

நோர்வேயின் வடக்கே, 69ஆம் பாகை அகலக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் சில தீவுகள் சேர்ந்து பியார்க்கோய் என்ற தனிக் கொம்மூனவாக இருந்தன. 2013 ஜனவரி 1இல் அது பக்கத்து நகரமான ஹார்ஸ்டாடுடன் இணைக்கப்பட்டது. அப்போது அங்கே 500 பேர்கூட இல்லை. பிள்ளைகளும் சகோதரங்களும் அந்தப் பக்கம் வாழ்வதால் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். கொம்மூன என்றால் உள்ளூராட்சி மன்றம். நமது பிரதேச சபையின் இடத்தில் இருப்பது, ஆனால் அதைவிடப் பல மடங்கு பொறுப்புச் சுமப்பது.

எங்கட மகளும் மருமகனும் பியார்க்கோயில பழைய வீடொன்று வாங்கப் போறாங்க. ஒரு கடதாசியில 1915 எண்டு கிடக்கு, இன்னொன்றில 5503 எண்டு கிடக்கு. 1915 வீடு கட்டின வருசமா? ஊரின்ர பேரும் ஒரு இடத்தில பியார்க்கோய், ஒரு இடத்தில ஹார்ஸ்டாட்.
வாசகி, களுவாஞ்சிக்குடி

வருசமல்ல, அம்மா. 1915 என்பது பியார்க்கோய்க் கொம்மூனவின் இலக்கம். நோர்வேயில் ஒவ்வொரு கொம்மூனவுக்கும் நாலு இலக்க எண் உண்டு. முதல் இரண்டும் மாகாணத்தைக் குறிக்கும், பின் இரண்டும் கொம்மூனவை. 19 என்றால் துரொம்ஸ் மாகாணம், 15 என்றால் அதற்குள் பியார்க்கோய்.

2013இல் ஹார்ஸ்டாடுடன் சேர்ந்தபோது புதிய கொம்மூனவுக்கு 1903 கொடுத்தார்கள். 2020இல் துரொம்சையும் ஃபின்மார்க்கையும் ஒரே மாகாணமாக்கியதால் அது 5402 ஆனது. 2024இல் அந்த இரண்டையும் மறுபடி பிரித்தார்கள், இலக்கம் 5503 ஆகிவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, 12 வருசத்துக்குள் அதன் கொம்மூன இலக்கம் நாலு. வீட்டுக் கடதாசி எதையும் பார்க்கும்போது முதலில் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள், பிறகு இலக்கத்தைப் பாருங்கள். வீடு கட்டிய ஆண்டு வேறு இடத்தில் தனியாக எழுதியிருக்கும்.

ஊர்ச்சனம் பியார்க்கோய் என்று சொல்வதும் சரிதான். கலைந்தது சபை. தீவின் பெயர் தீவோடுதான் இருக்கிறது.

ஏறாவூர்ப் பற்று, போரதீவுப் பற்று என்று எங்களுக்குப் பழைய பிரிவுகள் இருப்பது போல அவர்களுக்கும் இருந்ததா? எல்லையைக் கோடு போட்டுப் பிரித்தவர் யார்?
வாசகர், கொக்கட்டிச்சோலை

இருந்தது. ஆனால் அவர்கள் புதிதாகக் கோடு போடவில்லை, கோவிற்பற்றை எடுத்துக்கொண்டார்கள். நோர்வே 1814இல் தனக்கென அரசியலமைப்பு எழுதியது. ஊராட்சிக்கான சட்டம் 1837 ஜனவரி 14இல் நிறைவேறி 1838 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருந்த பங்கு ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சிப் பிரிவாயிற்று. அந்தப் பங்குக்கு அவர்கள் சொல்லும் பெயர் பிரெஸ்தெயெல். அதன் உட்பிரிவு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சனம், சொக்ன். அப்படித் தொடங்கியபோது நாடு முழுவதும் 392 பிரிவுகள்.

பங்கின் எல்லையை ஆர் தீர்மானித்தது என்றால், தண்ணீரும் தோணியும் என்றே சொல்லவேண்டும். ஞாயிறு பூசைக்கு எந்தக் கரையிலிருந்து எந்தத் தேவாலயத்துக்குத் தண்டு வலித்துப் போகமுடியுமோ அதுவே பங்கு. வட நோர்வேயில் மலை சுவர்போல நிற்கும், கடல்தான் தெரு. அதனால் ஒரு நீரிணையின் இருபக்கக் கரையும் ஒரே பங்குக்குள் வருவதும், ஒரே தீவின் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு பங்குக்குள் போவதும் சாதாரணம். பியார்க்கோய் கொம்மூனவும் அப்படித்தான். பியார்க்கோயா, சான்ட்சோயா தீவுகள் முழுதாக அதனுள். கிரீத்தோயா தீவின் வடபகுதி மட்டும் அதனுள், தென்பகுதி ஹார்ஸ்டாட் பக்கம். வாவிக்கு அக்கரையையும் இக்கரையையும் படுவான்கரை, எழுவான்கரை என்று பிரித்துப் பேசும் நமக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை.

பிறகு என்ன நடந்தது என்றால் பிரிவினைக்கு மேல் பிரிவினை. பள்ளிக்கூடம் எந்தக் கரையில், புதிய வீதி யாருக்கு, ஏழைகளுக்கான செலவை எவர் தலையில் போடுவது என்று ஒவ்வொரு சொக்னும் சண்டைபிடித்துத் தனிக் கொம்மூன கேட்டது. 1930இல் எண்ணிக்கை 747 ஆயிற்று. 1946இல் நிக்கொலாய் ஷய் என்பவரின் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். மோட்டார் வண்டியும் வீதியும் வந்துவிட்டன, தோணித் தூரத்துக்கு வெட்டிய எல்லை இனிப் பொருந்தாது என்பது அந்தக் குழுவின் அடிப்படை வாதம். 1967இல் 454தான் மிஞ்சியது. ஹார்ஸ்டாட் நகரமும் 1964இல் திரொண்டெனெஸ், சான்ட்டோர்க் என்ற இரண்டு அயல் கொம்மூனகளை உள்வாங்கிக்கொண்டது. பியார்க்கோய் அந்த அலையில் தப்பி நின்றது. காரணம் எளிது: அங்கே போக வீதியே இல்லை.

நானூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு சபையா? அது என்னத்தைச் செய்தது?
வாசகர், வெல்லாவெளி

ஒஸ்லோ செய்வதெல்லாம் அதுவும் செய்யவேண்டும். சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. நமது பிரதேச சபை சந்தை, நூலகம், தெருவிளக்கு, கழிவகற்றல், உள்வீதி என்று நிற்கும். பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் வேறு ஆட்களின் கையில். நோர்வேயில் பத்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடம், குடும்ப வைத்தியர், முதியோர் பராமரிப்பு, சிறுவர் பாதுகாப்பு, குடிநீர், கட்டட அனுமதி எல்லாம் கொம்மூனவின் தலையில். சனத்தொகை 200 என்றாலும் 7 இலட்சம் என்றாலும் சட்டம் ஒன்றே.

தொடக்கத்தில் வேலை இவ்வளவு இல்லை. 1838இல் முக்கியமானவை மூன்று: ஏழை பராமரிப்பு, பள்ளிக்கூடம், வீதி. ஏழை பராமரிப்புக்கு லெக்ட் என்றொரு முறை இருந்தது. கதியற்ற ஒருவரை ஊரிலுள்ள பண்ணைகள் முறைவைத்துத் தங்கவைத்துச் சாப்பாடு போடும். இத்தனை நாள் இந்தப் பண்ணை, அடுத்து அந்தப் பண்ணை என்று அந்த ஆள் மூட்டையோடு நடந்துகொண்டே இருப்பார். பெரிய பண்ணைக்குக் கூடிய நாள், சின்னதுக்குக் குறைந்த நாள். 1900ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதை ஒழித்தது. பள்ளிக்கூடமும் அதேபோல நடமாடியது. ஆசிரியர் பண்ணைக்குப் பண்ணை போய்ச் சில கிழமை படிப்பிப்பார். 30 பிள்ளைகளாவது நாளாந்தம் வரக்கூடிய இடத்தில் நிலையான பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்று 1860இல் சட்டம் வந்தது. சிதறிக் கிடக்கும் தீவுகளில் 30 பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

சபைக்கு வாக்களிக்க ஆரம்பத்தில் 25 வயது நிரம்பிய ஆணாக இருக்கவேண்டும். அத்தோடு பதிவுபெற்ற காணி சொந்தமாகவோ 5 வருசத்துக்கு மேற்பட்ட குத்தகையாகவோ இருக்கவேண்டும், அல்லது அரச உத்தியோகத்தராக இருக்கவேண்டும். காணியில்லாத மீனவருக்கும் கூலிக்காரருக்கும் இடமில்லை. ஆண்கள் எல்லோருக்கும் உள்ளூராட்சி வாக்கு 1901இல் கிடைத்தது. அதே ஆண்டு வரி கட்டும் பெண்களுக்கும், 1910இல் பெண்கள் எல்லோருக்கும் கிடைத்தது.

சின்னச் சபை எங்கே முறியும் என்றால் ஆள் விசயத்தில். பணத்தை அரசு நிரப்பிக் கொடுக்கும். ஒரே ஒரு வைத்தியர், ஒரே ஒரு சிறுவர் நல உத்தியோகத்தர், அவர் விடுமுறையில் போனால் வேலை அப்படியே நிற்கும். 500 பேருள்ள தீவில் அந்த உத்தியோகத்தர் விசாரிக்கவேண்டிய குடும்பம் அவருடைய சொந்தக்காரராகவே இருக்கும். இணைப்புக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களில் எமக்கு மிகப் பலமாகத் தெரிவது இதுதான்.

எங்கட சபையில பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கினதே 2018 தேர்தலிலதான். அவர்கள் அப்பவே முன்னுக்கு நின்றார்களா?
வாசகி, ஆரையம்பதி

எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் மேற்குக் கரையில் ஊட்சீரா என்றொரு குட்டித் தீவு 1924இல் தனிக் கொம்மூன ஆனது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அங்கே தெரிவான 12 பேரில் 11 பேர் பெண்கள். தவிசாளராக வந்தவர் ஓசா ஹெல்கசென், தொழிலால் மருத்துவிச்சி. 1926இல் பொறுப்பேற்ற அவரே நோர்வேயின் முதல் பெண் தவிசாளர். ஊட்சீரா இன்றும் தனிக் கொம்மூனவாகவே இருக்கிறது.

பாலம் கேட்டுச் சபையைக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? நாங்கள் பாதையில் ஏறி இறங்கியே வயது போனவர்கள்.
வாசகர், அம்பிளாந்துறை

பெரும்பாலும் உண்மை. பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கும் படகுக்கு, காத்து நின்ற உங்களுக்கு அந்த மனுசரின் கணக்கு உடனே விளங்கும்.

பியார்க்கோய்த் தீவுகளுக்கு இடையே வாகனப் படகுதான் ஓடியது. கடைசிப் படகு போய்விட்டால் அடுத்த நாள்தான். மாரியில் காற்று அடித்தால் அதுவும் இல்லை. பிரசவ வேதனை, நெஞ்சு வலி, பள்ளிக்கூடப் பிள்ளை, மீன் ஏற்றிய வண்டி எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். தனிச் சபையாக நின்று இதற்கு நிரந்தர இணைப்புக் கட்டப் பணம் திரட்ட வழியில்லை. ஆகவே ஹார்ஸ்டாடுடன் சேர்வதற்கு நிரந்தர இணைப்பை நிபந்தனையாக வைத்தார்கள். 2013இல் சபை இணைந்தது, 2018இல் வழி திறந்தது. கிரீத்தோயாவிலிருந்து பியார்க்கோயாவுக்குக் கடலடிச் சுரங்கம், மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. கிரீத்தோயாவிலிருந்து சான்ட்சோயாவுக்குப் பாலம். ஒன்றைக் கவனியுங்கள்: கிரீத்தோயாவிலிருந்து ஹார்ஸ்டாட் இருக்கும் பெரிய தீவுக்கு இன்றும் வாகனப் படகுதான். மூன்று துறை ஒரு துறையாகக் குறைந்தது, அவ்வளவே. அதுவே பெரிய காரியம்.

மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபோது ஏன் சுரங்கம் வெட்டவில்லை, அங்கே ஏன் சுரங்கம் என்று கேட்டால், அடி நிலம் வேறு. நமது வாவி ஆழம் குறைந்தது, அடியில் மணலும் சேறும். தூண் இறக்கிப் பாலம் போடுவதுதான் மலிவு. அங்கே நீரிணை ஆழம், அடியில் கெட்டிப் பாறை. கடலின் அடித்தளத்துக்கும் சுரங்கத்தின் கூரைக்கும் இடையில் பொதுவாக 50 மீற்றர் பாறையாவது விடவேண்டும் என்பது அவர்களின் விதி. அதனால் வண்டி சரிவாக இறங்கி, நடுவில் ஆழத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். பாறை வெடிப்புகளால் உப்புத் தண்ணீர் எப்போதும் கசியும். அதை அடியிலுள்ள குழியில் சேர்த்துப் பம்பியால் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். பம்பி நின்றால் சுரங்கத்தை மூடத்தான் வேண்டும். உப்பு பம்பியையும் மின்கம்பியையும் தின்றுவிடும், அதனால் பராமரிப்புச் செலவுக்கு முடிவே கிடையாது. படகுக்கு ஆண்டுதோறும் கொடுத்த மானியம் மிச்சமாவதை இப்படியான கட்டுமானக் கடனுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு நோர்வேயில் உண்டு. இல்லாவிட்டால் இத்தனை பேருக்கு இந்தச் சுரங்கம் எந்தக் கணக்கிலும் வராது.

பியார்க்கோயில் அரசன் இருந்தானாமே?
வாசகர், கல்லாறு

அரசனல்ல, ஊர்த் தலைவன். போடியாரைப்போலக் காணியும் ஆளும் படகும் வைத்திருந்த பெரும்புள்ளி. பெயர் தூரே ஹுன்ட். 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் மன்னன் ஊலாவைக் கொன்றவர்களில் ஒருவன் என்று பழைய ஐஸ்லாந்துக் கதைநூல்கள் சொல்கின்றன. பின்னர் அந்த மன்னன் புனிதராகிவிட்டான், தூரேயின் பெயரும் அவனோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது.

உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். இப்படியான ஒரு பழைய கொம்மூனவைப் பற்றி இங்கிருந்தே தேடி எழுத முடியுமா? எதில் தொடங்குவது, எங்கே பிழைக்கும்?
மாணவி, அக்கரைப்பற்று

முடியும், தங்கச்சி. காசும் தேவையில்லை. நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் டிகிட்டாலார்கிவே என்ற தளத்தில் பழைய குடிசன மதிப்புகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் இலவசமாகப் போட்டிருக்கிறது. கைத்தொலைபேசியில்கூடத் திறக்கும், ஆனால் ஏட்டுப் படங்களை வாசிக்கப் பெரிய திரை நல்லது.

கொம்மூனவில் தொடங்காதீர்கள். பண்ணையில் தொடங்குங்கள். சபையின் பெயர், எல்லை, இலக்கம் எல்லாம் மாறும். ஆனால் ஒரு பண்ணையின் பெயர் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். நமது தோம்பில் ஊர்ப்பிரிவு மாறினாலும் வளவின் பெயர் நிற்பதுபோல. ஆகவே வரைபடத்தில் தீவைத் திறந்து, கரையோரமாக எழுதியிருக்கும் பண்ணைப் பெயர்களில் இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 1865ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு. இதை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆட்களை மட்டுமல்ல, பண்ணைக்குப் பண்ணை எத்தனை குதிரை, மாடு, செம்மறி, வெள்ளாடு, பன்றி, அந்த ஆண்டு எவ்வளவு வாற்கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு விதைத்தது என்றும் எழுதியிருப்பார்கள். அளவு தொன்ன என்ற பீப்பாயில் இருக்கும். ஒரு தானியத் தொன்ன ஏறக்குறைய 139 லீற்றர், நமது புசலில் நாலுக்குச் சற்றுக் குறைவு. அரைத் தொன்ன வாற்கோதுமை, இரண்டு தொன்ன உருளைக்கிழங்கு, இரண்டு மாடு, பத்து ஆடு என்று ஒரு குடும்பம் எழுதியிருந்தால், அந்தக் குடும்பம் வயலை நம்பி வாழவில்லை, கடலை நம்பி வாழ்ந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பிறகு 1875, 1900, 1910, 1920 என்று அதே பண்ணையைப் பின்தொடருங்கள். தனி ஆட்களின் விபரம் 100 ஆண்டுக்கு மூடிவைக்கப்படும் என்பதால் 1920க்கானது 2020 டிசம்பரில்தான் திறந்தது.

பிழைக்கும் இடங்கள் பல. பெரியது ஆட்பெயர். நம்மைப்போலவே தகப்பன் பெயரைத்தான் சேர்த்தார்கள். ஹான்ஸின் மகன் ஊலே என்றால் ஊலே ஹான்சென். அவர் மகன் பேதர் என்றால் பேதர் ஊல்சென். ஒரே தீவில் பத்து ஊலே ஹான்சென் இருப்பார்கள். அதனால் பெயருக்குப் பின்னால் பண்ணைப் பெயரையும் ஒட்டுவார்கள். ஆனால் ஆள் வேறு பண்ணைக்குக் குடிபோனால் அந்த ஒட்டும் மாறிவிடும். ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணுவது இங்கேதான் நடக்கும். பெயர், பிறந்த ஆண்டு, மனைவியின் பெயர் மூன்றும் பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று எழுதுங்கள். எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது 1923இல்தான்.

எழுத்துக்கூட்டலும் ஏமாற்றும். நோர்வேயின் ஓகார ஒலி எழுத்தான, மேலே வட்டம் போட்ட 'a' (å) 1917க்கு முன் இரட்டை 'a' (aa) எழுத்தாகத்தான் இருந்தது. தீவைக் குறிக்கும் 'ஓய்' விகுதியின் கடைசி எழுத்து பழைய ஏடுகளில் இராது. ஒரு எழுத்து விட்டுத் தேடிப்பாருங்கள். மாகாணமும் 1918 முடிய அம்ட் என்றும் 1919 முதல் ஃபில்க என்றும் எழுதப்படும். பழைய ஏட்டில் துரொம்சோ அம்ட் என்று கண்டால் வேறு இடம் என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

மூன்றாவது, பண்ணை இலக்கம். 1886ஆம் ஆண்டுக் காணிப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண், அதன் துண்டுக்கு உப எண். இந்த எண் கொம்மூனவுக்குள் மட்டும்தான் தனித்தது. இரண்டு கொம்மூன சேரும்போது இரண்டிலும் 12ஆம் பண்ணை இருக்கும். மோதாமல் இருக்கச் சின்னதன் எல்லா எண்களோடும் 100, 200 என்று ஒரு தொகையைக் கூட்டிவிடுவது வழக்கம். பழைய ஏட்டில் 12, புதிய வரைபடத்தில் 212 என்றிருந்தால் குழம்பாதீர்கள். கூட்டிய தொகையை ஒரு பண்ணையில் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே.

தேவாலய ஏடுகளைக் கடைசிக்கு வையுங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், குடிவந்தவர், குடிபெயர்ந்தவர் எல்லாம் உண்டு. ஆனால் கையெழுத்து பழைய கொதிக் முறை, பழகச் சில நாளாகும். 1812க்குப் பிறகு பாதிரியார் ஓர் ஏடும் தேவாலயக் குமாஸ்தா ஓர் ஏடும் தனித்தனியே எழுதினார்கள். இரண்டும் ஓர் இரவுகூட ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது என்பது கட்டளை. தீப்பிடித்தால் ஒன்றாவது மிஞ்சட்டும் என்ற யோசனை. ஒன்றில் வாசிக்க முடியாத சொல்லை மற்றதில் தேடுங்கள்.

கலைத்த கொம்மூன திரும்பி வருமா?
வாசகர், பொத்துவில்

வந்திருக்கிறது. ஹாராம் என்ற கொம்மூன 2020இல் ஓலெசுண்டுடன் சேர்க்கப்பட்டு, 2024 ஜனவரி 1இல் மறுபடி பிரிந்தது. அதனால்தான் 356 ஆக இருந்த எண்ணிக்கை 357 ஆனது. பாராளுமன்றம் ஒப்பவேண்டும். ஊரார் வாக்கெடுப்பு ஆலோசனைதான், கட்டளையல்ல.

வடநோர்வேயிலிருந்து வந்த தம்பி விறகுக் கட்டைபோல ஒரு கருவாடு கொண்டுவந்தான். உப்பே இல்லை. எப்படிச் சமைப்பது? பழுதாகிவிட்டதா?
வாசகி, திருக்கோவில்

பழுதில்லை. அது தோர்ஃபிஸ்க், உப்புப் போடாமல் காற்றில் மட்டும் காயவைத்த கொட் மீன். பியார்க்கோய் போன்ற ஊர்களில் ஆண்கள் ஜனவரி தொடங்கி ஏப்ரல்வரை லோஃபோட்டன் கடலுக்குப் போவார்கள். மாட்டையும் ஆட்டையும் பிள்ளைகளையும் வீட்டையும் பெண்கள் பார்ப்பார்கள். பிடித்த மீனைத் தலையும் குடலும் நீக்கி, வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். பெப்ரவரியிலிருந்து மே வரை அப்படியே தொங்கும். வெப்பம் பூச்சியப் பாகையை ஒட்டி நிற்பதால் ஈயும் வராது, அழுகவும் மாட்டாது. ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுருங்கும். கடும் உறைபனி பிடித்தால் சதை பஞ்சுபோலாகித் தரம் போய்விடும். நமது வெயிலில் இந்த வேலை நடக்காது. இங்கே உப்பு இல்லாவிட்டால் இரண்டாம் நாளே புழுத்துவிடும்.

மரம் அறுக்கும் வாளால் அறுத்தோ கத்தியின் முதுகால் தட்டியோ துண்டாக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் 5 முதல் 7 நாள் ஊறவைத்து, நாளுக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். நமது வெக்கைக்குக் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் ஊறவேண்டும், வெளியே வைத்தால் புளித்துவிடும். துண்டின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். கட்டி தட்டாவிட்டால் ஊறிவிட்டது. தோலை உரித்து, முள்ளை எடுத்து, தேங்காய்ப்பாலில் பழப்புளி விட்டுக் கறியாக்கலாம். கருவாட்டுக் கறிக்குக் குறைப்பதுபோல உப்பைக் குறைக்காதீர்கள். இந்த மீனில் உப்பே இல்லை, முழு உப்பும் நீங்கள்தான் போடவேண்டும்.